முதல் கம்பியில் ஒரு நெசவு முடிச்சு

எனக்குச் சுருதி பிடிக்கும் காது கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்த காது மொத்தமும் அக்காவுக்குப் போய்விட்டது. ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் அவள் அப்படியே பாடிவிடுவாள். பத்து முறை கேட்டாலும் எனக்கு வரிகள்தான் நிற்கும், மெட்டு நழுவிவிடும். ஆகவே கிட்டார் வாங்குவது என்று முடிவு செய்தபோது, காது செய்யவேண்டிய வேலையைச் செய்ய ஒரு கருவி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் விசாரித்தேன். இருந்தது.

அதன் பெயர் ட்யூனர். துணிக்குப் போடும் கிளிப் அளவுதான். கிட்டாரின் தலையில் கவ்வ வைத்துக் கம்பியைச் சுண்டினால், அது என்ன ஸ்வரம் என்று ஓர் ஆங்கில எழுத்தைக் காட்டும். எழுத்துக்குக் கீழே ஒரு முள். முள் இடப்பக்கம் சாய்ந்தால் கம்பி தளர்வு, திருகாணியை முறுக்கவேண்டும். வலப்பக்கம் சாய்ந்தால் இறுக்கம், இளக்கவேண்டும். நடுவில் நின்றால் சிவப்புத் திரை பச்சையாகிவிடும். தடித்த கம்பியில் தொடங்கி மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, மறுபடியும் ஈ. எண்ணும்போது மட்டும் தலைகீழ். மெல்லியதுதான் முதல் கம்பி. ஆறு கம்பி, ஆறு பச்சை. இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து உலகத்தில் இல்லை.

என் வேலையும் ஏறக்குறைய இதுதான். டிப்ளமோ முடித்துவிட்டு, செய்யார் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையில் இருக்கிறேன். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஆரணியில் ஐந்தே முக்காலுக்கு வந்துவிடும். நாள் முழுக்க மற்றவர்களின் கருவிகளை ஒரு மூலக்கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்றால் பச்சை ஸ்டிக்கர், தவறு என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அப்படிப்பட்டவள் வாங்கிய ட்யூனர் முதல் வாரமே பொய் சொல்ல ஆரம்பித்தது.

ஏ கம்பியைச் சுண்டினால் முதலில் ஏ என்று காட்டும். ஓசை அடங்க அடங்க, எழுத்து மாறி ஜி என்று நிற்கும். டி கம்பியும் அப்படியே. கடைசியில் எந்தக் கம்பியையும் தொடாமல் சும்மா மடியில் வைத்திருந்தபோதே திரையில் ஜி வந்தது, முள் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தபடி. நோட்டை எடுத்து வரிசையாக எழுதினேன்: பேட்டரி பலவீனம், கிளிப் சரியாகக் கவ்வவில்லை, கம்பி பழசு, கருவியே பழுது, நான்தான் பழுது. பேட்டரியை மாற்றினேன், கிளிப்பை இடம் மாற்றினேன், கம்பிகளைத் துடைத்தேன். ஜி போகவில்லை. நான்காவதுக்கு நேரே ஒரு டிக் போட்டு, கருவியைத் திருப்பி அனுப்புவதற்காக அட்டைப்பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. எனக்கு வார விடுமுறை. அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று கிளிப்பை மாட்டினால், ஆறு கம்பியும் நின்று நிதானமாக உண்மை பேசின. ஒரே முயற்சியில் ஆறு பச்சை. ஈ என்றால் ஈ, ஜி என்றால் ஜி. கட்டிலில் உட்கார்ந்தபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன மாறியிருக்கிறது என்று யோசித்தால், தெருவே அமைதியாக இருந்தது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் கைத்தறி. என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அண்ணனின் விசைத்தறிகள் நான்கு. என் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது, கிட்டாரின் தலையும் அந்தச் சுவரில்தான் சாய்ந்திருக்கும். ட்யூனருக்குக் காது இல்லை, அது கேட்பதெல்லாம் மரத்தின் நடுக்கத்தை. மோட்டாரின் உறுமல் சுவர் வழியாக வந்து கிட்டாரின் தலையில் ஏறியிருக்கிறது. நம் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது சுற்று, மோட்டார் அதிர்வது அதில் இரண்டு மடங்கு, நூறு. தாழ்ந்த ஜி தொண்ணூற்றெட்டு. அதாவது எங்கள் தெரு இத்தனை வருடங்களாகச் சற்றே ஏறிய ஜி-யில் பாடிக்கொண்டிருந்திருக்கிறது, அது யாருக்கும் தெரியவில்லை.

கட்டிலைச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்திக்கொண்டிருந்தபோது அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கரண்ட் இல்லாத நாளில் அவருக்கும் வேலை இல்லை.

"என்ன பாப்பா, இன்னிக்கு உன் வீணை நல்லாப் பேசுது?"

"வீணை இல்லண்ணா, கிட்டாரு."

"ஏதோ ஒண்ணு. நேத்து வரைக்கும் பூனை வாலை மிதிச்ச மாதிரி இருந்திச்சு. ஒரே பேஜாரு."

"அதுக்குக் காரணமே நீங்கதாண்ணா. உங்க மோட்டாரு ஜி பாடுது. என் மெஷினு அதைத்தான் கேட்டுகினு இருந்திருக்கு."

அவர் உள்ளே திரும்பி, நின்றுபோன தறிகளைப் பெருமையாகப் பார்த்தார். "பாடுதா? பாடட்டும் பாடட்டும். நான் சத்தம் போடுதுன்னு திட்டிகினு இருந்தேன்."

அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டேன். நோட்டில் ஐந்து காரணங்களையும் அடித்துவிட்டு, ஆறாவதாகச் சுவர் என்று எழுதிப் பச்சை மையில் வட்டம் போட்டேன்.

அந்த வாரம்தான் களம்பூரிலிருந்து அக்கா போன் செய்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள், இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் மாமியார் வீட்டில்.

"அத்தை ஒரு பாட்டு பாடச் சொல்றாங்கடி," என்றாள். "அம்மா என்னமோ சொல்லி வச்சிருக்கு. அவ நல்லாப் பாடுவான்னு."

"பாடேன்."

"இங்க வந்து நாலு வருஷம் ஆவுது. ஒரு நாள்கூடப் பாடினதில்ல. இப்பத் திடீர்னு ஆரம்பிச்சா எல்லாரும் என்னையே பார்ப்பாங்க."

யாரும் அவளைப் பாடக்கூடாது என்று சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் கூச்சப்பட்டு வாயை மூடினாள், பிறகு திறப்பதற்கு ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் தறிக்குத் தார் சுற்றும்போதும் பாத்திரம் கழுவும்போதும் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தவள், அங்கே நான்கு வருடமாக மௌனமாக இருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"நீ கிட்டாரு வாசி," என்றாள் அக்கா. "எல்லாரும் உன்னைப் பார்ப்பாங்க. நான் உன் பின்னால ஒளிஞ்சிகினு பாடிடறேன். நீ வாசிச்சாத்தான் பாடுவேன். இல்லன்னா தொண்டை கட்டிப்போச்சுன்னு சொல்லிடுவேன்."

நான் கிட்டார் பிடித்து முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

பாட்டு அவளே சிறுவயதில் கட்டியது. தறிக்கான நூலைச் சின்னக் குழலில் ராட்டினத்தால் சுற்றி எடுப்பதுதான் தார் சுற்றுவது. அம்மா கேட்கும் நிறங்களை மறக்காமல் இருக்க அவள் பாடுவாள்:

மாம்பழ மஞ்சள் நாலு தாரு
மயில்கழுத்துப் பச்சை நாலு தாரு
மாமனுக்குக் காட்டாத நீலம்
மடியிலே வச்சேன் ரெண்டு தாரு

இப்படியே பதினெட்டு நிறம் போகும். அதற்கு மூன்று கார்டு போதும். கார்டு என்றால் மூன்று விரலால் மூன்று கம்பியை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிப்பது. முதல் இரண்டு வாரம் விரல்நுனி எரிந்தது, மூன்றாவது வாரம் காய்த்துப்போனது. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு மாற எனக்கு நான்கு விநாடி ஆனது. அட்டவணை போட்டேன்: நான்கு, மூன்றரை, மூன்று. இரண்டு மாத முடிவில் ஒரு விநாடிக்குள் வந்துவிட்டேன். கம்பெனி பஸ்ஸில் இடது கையால் டிபன் டப்பாவின் பிடியில் பழகினேன். பக்கத்து சீட்டுக்காரி, "ஏண்டி, டப்பாவைக் கிள்ளிகினே வர?" என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் முதலில் ஆறு பச்சை, பிறகுதான் பாட்டு. தினமும் திருகாணியைக் கால் சுற்று, சில நாள் அதைவிடக் குறைவாகத்தான் திருப்பவேண்டியிருக்கும்.

வளைகாப்பன்று காலை ஏழு வகைச் சாதமும், வளையல் தட்டும், பூவும், அம்மாவும் நானும் கிட்டாருமாக வேனில் ஏறினோம். அப்பா முன்சீட்டில் புளிசாதத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டார். களம்பூருக்குள் நுழைந்ததும் நெல் அவிக்கும் வாசனை வந்தது. அக்காவின் மாமியார் வீட்டுக் கூடத்தில் நாற்பது பெண்களாவது இருப்பார்கள். நடுவில் நாற்காலியில் அக்கா, கன்னத்தில் சந்தனம் பூசி, பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு.

ஓரமாக உட்கார்ந்து உறையைத் திறந்தேன். ஆறு கம்பிகளும் துணி காயப்போடும் கொடியைப்போல் தொங்கிக்கொண்டிருந்தன.

"ம்மா! இதை யாரு தொட்டது?"

"நான்தான்," என்றாள் அம்மா, சாதாரணமாக. "காலையில நீ தலை பின்னிகினு இருந்தப்ப எல்லாத்தையும் இளக்கி வுட்டேன்."

"எதுக்கு?"

"ஊருக்குப் போறோமே. தறிய வுட்டுட்டுப் போறப்ப பாவு நூலைத் தளர்த்தாம யாராச்சும் போவாங்களா? இறுக்கத்துலயே கெடந்தா இழை அறுந்துடும். உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

அம்மா வாழ்நாளில் தறியை இறுக்கத்தில் விட்டு வெளியூர் போனதில்லை. இழுத்துக் கட்டிய எதைப் பார்த்தாலும் அவள் கை அதைத்தான் செய்யும். கோபித்துக்கொள்ள வழியில்லை, நேரமும் இல்லை. நல்ல நேரம் முடிய இன்னும் முக்கால் மணி இருந்தது. ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது: நான் இதுவரை அடியிலிருந்து ஒரு கம்பியையும் முறுக்கி ஏற்றியதே இல்லை. கடையிலிருந்து வந்தபோதே கிட்டார் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது.

கிளிப்பை மாட்டினேன். கூடத்தில் அத்தனை பேர் பேசியும் அது கலங்கவில்லை, மரம் சொல்வதை மட்டும் கேட்டது. தடித்த ஈ, ஏ, டி, ஜி, பி. ஐந்து பச்சை வந்துவிட்டது. ஆறாவதாக, எல்லாவற்றிலும் மெல்லிய முதல் கம்பி. முறுக்கிக்கொண்டிருக்கும்போது யாரோ, "சந்தனக் கிண்ணம் எங்கம்மா வச்சே?" என்று கேட்க, திரும்பிப் பதில் சொன்னேன். வாய் பதில் சொன்னது, கை நிற்காமல் முறுக்கிக்கொண்டே இருந்தது. மறுபடி சுண்டிப் பார்த்தால் ஜி.

ஜி-க்குப் பிறகு ஏ, பி, சி, டி, அப்புறம் ஈ. இன்னும் தூரம் இருக்கிறது என்று நினைத்தேன். ட்யூனர் எழுத்தைச் சொல்லும், அந்த எழுத்து எந்த மாடியில் இருக்கிறது என்று சொல்லாது. நான் போகவேண்டிய ஈ-யைத் தாண்டி மேல்மாடிக்குப் படி ஏறிக்கொண்டிருந்தேன். திரையின் எழுத்தை மட்டுமே நம்பியவள், கம்பி இறுகுவதை என் விரல் உணர்ந்தும் சந்தேகப்படவில்லை. ஏ வந்தது. இன்னும் அரைச் சுற்று.

டப் என்று அறுந்தது. கம்பியின் நுனி என் புறங்கையில் ஒரு கோடு கிழித்துவிட்டுத் துள்ளி விழுந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது, பாடவேண்டாம் என்று. உடனே அது போய்விட்டது.

"பரவால்லடி, வுடு," என்றாள் மெதுவாக. "இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்பது இன்னும் நான்கு வருடமாகலாம் என்று எனக்குத் தெரியும். மாற்றுக் கம்பி கொண்டுவரவில்லை. கொண்டுவரவேண்டியவை என்று பதினோரு வரி எழுதியிருந்தேன், அதில் அது இல்லை. வேலூர் போனால் வாங்கலாம், ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருந்தால். ஐந்து கம்பியிலேயே ஒப்பேற்றலாம் என்பது இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது ஆறு பச்சை மட்டும்.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்பு கேட்கவில்லை, வருத்தப்படவும் இல்லை. அறுந்த இழையைப் பார்த்ததும் எங்கள் வீட்டில் கேட்கும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"எங்க அறுந்துது?"

காட்டினேன். திருகாணியில் சுற்றிய இடத்தில்தான் அறுந்திருந்தது. அதற்கு மேலே, நான் சோம்பலில் கத்தரிக்காமல் விட்ட மிச்சக் கம்பி ஒரு சாண் நீளம் சுருண்டு நின்றது.

"இது போதும். முடிஞ்சிடலாம்."

"ம்மா, இது பட்டு இல்ல, எஃகு. முடிச்சு எங்க வேணா இருக்கக்கூடாது. இந்த வெள்ளைப் பட்டை இருக்குதே, இதுக்குக் கீழ வந்தா சத்தம் கெட்டுடும்." கழுத்தின் உச்சியில் கம்பிகள் ஏறிக் கடக்கும் பட்டையைக் காட்டினேன். அதற்கும் திருகாணிக்கும் நடுவே இரண்டு விரல் அகலம்தான் இடம்.

"தறியில இழை நுழைஞ்சு வர்ற அச்சு மாதிரி. முடிச்சு அதுக்கு அந்தாண்டையே இருக்கணும். அவ்ளோதானே? தினமும் செய்யறதுதான்."

இரண்டு நுனியையும் பிடித்தாள். விரல்கள் ஒருமுறை புரண்டன, முடிச்சு விழுந்தது. நான் இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"பட்டா இருந்தா கண்ண மூடிகினு போடுவேன்," என்று அம்மா கம்பியை முறைத்தாள். "இதுக்குத் திமிரு ஜாஸ்தி."

இரண்டாவது முறை, ஒரு சுற்றுக்குப் பதில் மூன்று சுற்று. நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். அதற்குள் பெண்கள் எங்களைச் சுற்றி நெருங்கிவிட்டார்கள்.

"சம்மந்தியம்மா, பல்லு போயிடப்போவுது!"

"போனா போவட்டும், இன்னும் இருவத்தெட்டு இருக்குது."

முடிச்சு நின்றது. கடுகளவுதான் இருந்தது. நான் திருகாணியைப் பிடித்தேன். இந்தமுறை நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனாலும் பயம் இருந்தது. எந்த ஈ என்று இந்தக் கருவி சொல்லாது. சுண்டினேன், முறுக்கினேன், சுண்டினேன். அப்போது நாற்காலியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இன்னும் இல்ல."

திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"முறுக்கு. இன்னும்... இன்னும் கொஞ்சம். எனக்கு வேண்டியது இது," என்று சொல்லி, வாயை மூடியபடியே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினாள். என் கம்பி அடியிலிருந்து மெதுவாக அதை நோக்கி ஏறியது. எனக்கே அன்று அந்த இடைவெளி கேட்டது. ஒரு சாண், ஒரு விரல், ஒரு நூல்.

"போதும்," என்றாள் அக்கா. திரையில் ஈ, பச்சை.

"ஐயோ, சரியா சொல்லிட்டாளே!" என்றாள் ஒரு பெண். இன்னொருத்தி, "மெஷினே வேணாம் போல இருக்குதே," என்றாள். முடிச்சு இறுக இறுகக் கம்பி கொஞ்சம் இறங்கியது. மறுபடி ஏற்றினேன். மூன்றுமுறை இறங்கி, நான்காம் முறை நின்றது.

"ஜல்தி ஆவட்டும், நேரம் போவுது," என்று யாரோ சொன்னார்கள். நான் அக்காவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து முதல் கார்டைப் பிடித்தேன்.

முதல் வரியை அவள் என் முதுகுக்குப் பின்னால்தான் பாடினாள். மாம்பழ மஞ்சள் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். மயில்கழுத்துப் பச்சையில் குரல் என் தோளைத் தாண்டியது. மாமனுக்குக் காட்டாத நீலம் என்றதும் பெண்கள் ஓவென்று கத்தினார்கள், வாசலில் நின்ற அத்தானை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆறாவது நிறத்தில் நான் கார்டு மாற்றத் தவறினேன். அவள் என்னைக் கண்டுகொள்ளாமல் மேலே போனாள், நான் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். பதினெட்டு நிறமும் முடிந்தபோது அவள் கையில் யாரோ முதல் வளையலைப் பாட்டோடு பாட்டாகப் போட்டுவிட்டிருந்தார்கள்.

"ஏம்மா, இத்தினி நாளா இந்தத் தொண்டைய எங்க வச்சிருந்த?" என்று பக்கத்துவீட்டுப் பெண் அவள் தாடையைப் பிடித்துக் கேட்டாள். அக்கா சிரித்தாள்.

அப்போது கொல்லைப்பக்கத்திலிருந்து அவள் மாமியார் கரண்டியோடு ஓடிவந்தார்.

"யாரு பாடினது? டிவி போட்டீங்களா?"

"டிவியா? உங்க மருமவதாங்க!"

"அடியே! நான் பாயசம் கிண்டிகினு இருந்தேன், பாதிதான் காதுல வுழுந்துது." கரண்டியை வைக்காமல் அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "மொதல்லேர்ந்து பாடு. பாயசத்த யாராச்சும் பாத்துக்குங்க."

முதல் கம்பியைச் சுண்டினேன். முடிச்சு மறுபடி இளகியிருந்தது, முள் இடப்பக்கம், திரை சிவப்பு. "ஒரு நிமிஷம் அத்தை, இதைச் சரி பண்ணிடறேன்," என்று சொல்லித் திருகாணிமேல் குனிந்தேன். டி-யைத் தாண்டி ஈ-யின் வாசலில் முள் தள்ளாடிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா எழுந்து நின்றிருந்தாள், ஒரு கை வயிற்றின்மேல்.

மாம்பழ மஞ்சள் என்று எடுத்துவிட்டாள். எனக்காகக் காத்திருக்கவில்லை.